ஆலை மூடியாச்சு... ஸ்பேனர் ஓயலை!

1979 செப்டம்பர் முதல் வாரம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில் ஒரே கொண்டாட்டம். எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் தொழிற்சாலை அந்த ஊருக்கு வந்து ஐம்பது வருடம் ஆனதற்கான பொன்விழா அது. ஞாயிற்றுக்கிழமையோடு விழா முடிந்தது. அடுத்த நாள், திங்கள், செப்டம்பர் 10. தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட், ஆபிங்டனில் எம்.ஜி. உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பொன்விழா முடிந்த கையோடு மூடுவிழா.

அமெரிக்க டீலர்கள் கூச்சல் போட்டார்கள். கார் வைத்திருந்தவர்கள் மனு கொடுத்தார்கள். ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு குழு ஆலையை விலைக்குக் கேட்டது. பேச்சு இழுத்துக்கொண்டே போய்ப் பணம் திரளாமல் நின்றது. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியே வந்தது. அதே வருடம் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் நின்றது. ஜாகுவார் இ-டைப் 1974-லேயே போய்விட்டது, ஆஸ்டின்-ஹீலி 3000 அதற்கும் ஏழு வருடம் முன்பு. பிரிட்டன் உலகத்துக்கே ஏற்றுமதி செய்த திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் வியாபாரம் ஏறக்குறைய அத்துடன் தீர்ந்தது.

ஆனால் கார்கள் தீரவில்லை. எம்ஜிபி மட்டுமே 1962-லிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தது. அவற்றில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. ஆபிங்டனில் நின்றுபோன வேலை இங்கிலாந்திலும் கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுக் கொட்டகைகளுக்கு இடம் மாறியது. இந்தக் கார்களில் ஒன்றை வாங்குகிறவர் கார் மட்டும் வாங்குவதில்லை. மூடிப்போன ஆலையில் ஒரு வேலையும் அவருக்குச் சேர்ந்து கிடைக்கிறது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அலுப்பு, ஆனந்தம் எல்லாமே அந்த வேலையிலிருந்துதான் வருகின்றன என்பது என் கட்சி.

அம்பாசிடரின் பங்காளி

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. டாலர் சம்பாதிக்கிறவனுக்குத்தான் இரும்பு என்று அரசு சொல்லிவிட்டது. ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்துத்தான் கார் கம்பெனிகளுக்கு ஸ்டீல் ஒதுக்கினார்கள். அந்த நெருக்கடியில் 1945-ல் எம்.ஜி. வெளியிட்ட கார்தான் டிசி. உள்ளே மரச்சட்டம், வெளியே தகடு, 1250 சிசி என்ஜின், 54 குதிரைசக்தி. மணிக்கு 120 கிலோமீட்டரைத் தொடுவதே பெரும்பாடு. ஸ்டியரிங் வலப்பக்கம் மட்டும்தான். அமெரிக்காவுக்கு அனுப்பியதற்கும் அப்படியே. போருக்காக இங்கிலாந்தில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இந்த ரகக் கார்களின் மேல் ஆசை வந்திருந்தது. கப்பல் மாதிரி நீண்ட தங்கள் ஊர்க் கார்களை ஓட்டிப் பழகியவர்கள், இந்தச் சின்ன வண்டி திருப்பத்தில் திரும்பும் விதத்தைப் பார்த்து மயங்கினார்கள். எம்.ஜி.யை உருவாக்கி வளர்த்த செசில் கிம்பர் அந்த அமெரிக்க மோகத்தைப் பார்க்கவில்லை. 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் விபத்தில் அவர் இறந்துபோனார்.

அமெரிக்கா வாங்குகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். 1952 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி தன் புது ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தினார். ஆஸ்டின் கம்பெனித் தலைவர் லியனார்ட் லார்ட் அதைப் பார்த்தார், அங்கேயே பேசி முடித்தார். கண்காட்சி முடிவதற்குள் அது ஆஸ்டின்-ஹீலி ஆகிவிட்டது. 1955-ல் வந்த எம்ஜிஏ லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் பிரிட்டனுக்குள் விற்றது ஆறாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

இந்தக் கார்கள் எதுவும் ஆகாயத்திலிருந்து குதித்தவை அல்ல. குடும்பக் காருக்குச் செய்த என்ஜின், குடும்பக் காரின் கியர்பாக்ஸ், குடும்பக் காரின் அச்சு. மேலே அழகான தகடு. எம்ஜிஏ-வின் முதல் ரகத்தில் இருந்த 1489 சிசி என்ஜின், நம் ஊரில் பத்தாண்டுக் கணக்கில் கல்யாண ஊர்வலத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஓடிய அம்பாசிடரில் இருந்த அதே வம்சத்து என்ஜின்தான். நம் தாத்தா காலத்து டிரைவர்களும் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களும் திட்டிக்கொண்டே முடுக்கியது ஒரே வால்வு கிளியரன்ஸை.

விலை குறைவாக இருக்க வேண்டும், இளைஞன் வாங்க வேண்டும், ஐந்தாறு வருடம் ஓட வேண்டும். கணக்கு அவ்வளவே. அறுபது வருடம் கழித்தும் ஒருவர் இதை மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று ஆபிங்டனில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். ‘இங்கிலீஷ்காரனுக்குக் கார் செய்யத் தெரியாது’ என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இருட்டு, எண்ணெய், துரு

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் முதலில் அடிபடுவது லூகாஸ் பெயர்தான். பர்மிங்காமில் மண்ணெண்ணெய் விற்று, சைக்கிள் விளக்கு செய்து முன்னுக்கு வந்தவர் ஜோசஃப் லூகாஸ். அவர் தொடங்கிய கம்பெனி பிரிட்டிஷ் கார்களின் மின்சாமான்கள் ஏறக்குறைய அனைத்தையும் செய்தது. அமெரிக்கர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘இருட்டின் இளவரசர்’. லூகாஸ் விளக்கு ஸ்விட்சில் மூன்று நிலை: அணைதல், மங்கல், மினுக்கல். ஆங்கிலேயர்கள் ஏன் பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள்? ஃபிரிட்ஜ் செய்வது லூகாஸ் என்பதால். இப்படி ஒரு நூறு ஜோக் உண்டு.

அதே லூகாஸ், டிவிஎஸ் குழுமத்தோடு கைகோத்து 1961-ல் சென்னை பாடியில் தொடங்கிய ஆலை இன்றும் இருக்கிறது, லூகாஸ்-டிவிஎஸ். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த இடமே ‘லூகாஸ்’தான். டைனமோ, ஸ்டார்ட்டர் என்று அங்கிருந்து போன சாமான்கள் நம் லாரிகளிலும் டிராக்டர்களிலும் பாடுபட்டதைப் பார்த்தவர்களுக்கு அமெரிக்க ஜோக்குகள் கொஞ்சம் அதிகமாகத்தான் படும். உண்மையில், இந்தக் கார்களின் மின்கோளாறில் பெரும்பகுதி சாமானில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. ஒயர் முனையில் குண்டு போன்ற ஒரு பித்தளைக் குமிழ், அதைச் செருக ஒரு தகரக் குழாய், மேலே ரப்பர் உறை. ஈரம் புகுந்து பச்சை பிடித்தால் கரண்ட் போகாது. எர்த் ஒயர் துருப்பிடித்த பாடியில் திருகப்பட்டிருந்தால் இடப்பக்க இண்டிகேட்டர் போடும்போது பிரேக் லைட் சிமிட்டும். இதையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை போதும். லூகாஸ் மேல் பழி போட்டுவிட்டுக் காரை விற்றவர்கள் பலர் அந்தச் சனிக்கிழமையைச் செலவழிக்காதவர்கள்.

கம்பெனிகள் பைசா பார்த்ததும் உண்மைதான். ஆரம்பகால எம்ஜிபி முழுவதற்கும் வேலை செய்யும் ஃபியூஸ் இரண்டே இரண்டு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று வைப்பதற்குப் பதில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டை சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே ஒளித்துவைத்தார்கள். கண்ணில் படாததைக் கவனிப்பவர் யார்? ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. பெட்ரோல் பம்ப்பும் மின்சாரத்தில் ஓடுவது. சாவி போட்டதும் ‘டொக் டொக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் தானாக அடங்க வேண்டும். உள்ளே இருக்கும் பாயின்ட் கருகிவிட்டால் சத்தமே வராது. பழகியவர்கள் இறங்கிப் பின்சக்கரத்தருகே குனிந்து ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார்கள். பம்ப் மறுபடி பேசும். வீடுவரை போய்ச்சேரலாம்.

எண்ணெய் ஒழுகுவது அடுத்த புகார். இதற்கும் காரணம் இருக்கிறது. டிசி, ஆரம்பகால ட்ரையம்ஃப் டிஆர் போன்ற கார்களின் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதில் ஷாஃப்ட்டிலேயே மரை போன்ற ஒரு வரிப்பள்ளம் வெட்டியிருப்பார்கள். என்ஜின் சுழலும்வரை அந்த மரை எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். என்ஜினை அணைத்ததும் இழுக்க ஆளில்லை, சொட்டத் தொடங்கும். அதாவது கார் ஓடும்போது ஒழுகாது, நிறுத்தினால்தான் ஒழுகும்! பிரிட்டிஷ் காருக்குக் கீழே எண்ணெய் இல்லையென்றால் உள்ளேயும் எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்பார்கள். கொட்டகைத் தரையில் ஒரு பழைய தட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதே மேல்.

ஸ்பேனர் கதை இன்னும் வேடிக்கை. விட்வொர்த் அளவு என்பது 1841-ல் ஜோசஃப் விட்வொர்த் வகுத்தது. போருக்குப் பின் அமெரிக்காவோடு சேர்ந்து புது அங்குல அளவு வந்தது. மின்சாமான்களுக்கும் கார்புரேட்டருக்கும் மூன்றாவதாக ஓர் அளவு. ஐம்பதுகளின் காரில் எல்லாம் கலந்துகட்டி இருக்கும். டிசி என்ஜின் இவற்றுக்கெல்லாம் மேல்: மரை மெட்ரிக், தலை விட்வொர்த்! இந்த என்ஜினைச் செய்த மோரிஸ் கம்பெனி 1923-ல் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கோவென்ட்ரி ஆலையை வாங்கியது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரைதான் வெட்டும். இயந்திரத்தை மாற்றக் காசு செலவாகும். மெக்கானிக்கிடமோ விட்வொர்த் ஸ்பேனர்தான் இருக்கிறது. எனவே போல்ட்டுக்கு உடம்பு பிரான்ஸ், தலை இங்கிலாந்து. கடையில் அளந்து வாங்கிவந்த போல்ட் ஏறாமல் திகைத்த டிசிக்காரர்கள் இன்றும் உண்டு.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லை. உண்மையான எதிரி துரு.

எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே எலும்பு. கூரையும் இல்லாததால் காரின் முதுகெலும்பாக இருப்பது இரண்டு கதவுகளுக்கும் அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிதான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு அதற்குள் போய் அடைந்துகொள்ளும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பும் கூடவே போகும். உள்ளிருந்து அரிக்கத் தொடங்கினால் வெளியே தெரியவே தெரியாது. வெள்ளையடித்த சுவருக்குள் கரையான் கதைதான். விற்கிற ஆள் மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பளபளவென்று நிறுத்தியிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோக வேண்டும்; பட்டி இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. பிறகு காரை ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கிவிட்டு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூட வேண்டும். கதவு இடித்தாலோ, கதவுக்கும் பின்பகுதிக்கும் நடுவே உள்ள இடுக்கு மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் தெரிந்தாலோ முதுகெலும்பு போய்விட்டது என்று பொருள். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். அதைச் சரிசெய்வதென்றால் முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக்கம்பி வைத்துப் பற்றவைத்து, கார் மடிந்துபோகாமல் பிடித்துக்கொண்டு, பிறகுதான் பழைய தகட்டை வெட்டி எடுக்க முடியும். கம்பி வைக்காமல் வெட்டியவர்கள் கடைசியில் கதவு சேராத காரோடு நிற்கிறார்கள்.

மற்ற கார்களுக்கும் அவரவர் வியாதி உண்டு. 1961 மார்ச்சில் ஜெனிவாவில் ஜாகுவார் இ-டைப் அறிமுகமானபோது கூட்டம் தாங்காமல் இன்னொரு காரை உடனே கொண்டுவரச் சொன்னார்கள். சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். மணிக்கு 240 கிலோமீட்டர் போகும் என்றார்கள். விலை இரண்டாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். ஆஸ்டன் மார்ட்டினுக்கு ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர் கணக்குப் போட்டு வரைந்த உருவம் அது. ஆனால் பின்பிரேக் சக்கரத்தில் இல்லை. நடுவே டிஃபரென்ஷியலை ஒட்டி ஒளிந்திருக்கிறது. அதன் டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றால் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் கீழே இறக்குகிறார்கள். கிளட்ச் மாற்ற என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து வெளியே வர வேண்டும். வரைந்தவருக்கு அழகு, கழற்றுகிறவருக்கு முதுகுவலி.

பிரிட்டனில் விற்ற ட்ரையம்ஃப் டிஆர்6-ல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வைத்தார்கள். அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அதன் பம்ப்பைச் சுழற்றியது வைப்பர் மோட்டார் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மோட்டார். வெயில் நாளில் டிராஃபிக்கில் நின்றால் அது சூடாகிப் பெட்ரோல் ஆவியாகி கார் இருமத் தொடங்கும். அனுபவஸ்தர்கள் வழியில் கடையில் உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்று வாங்கி பம்ப் மேல் வைப்பார்கள். லோட்டஸ் எலானின் ஆரம்ப ரகங்களில் ஹெட்லைட்டைத் தூக்கி நிறுத்துவது வெற்றிடத்தின் இழுவிசை. சேசிஸின் முன்குழாயே அதற்கான தொட்டி. எங்காவது கசிந்தால் ராத்திரி ஓட்டிக்கொண்டிருக்கும்போது விளக்குகள் மெல்லக் கண்ணை மூடிக்கொள்ளும். சிரிப்பாகத்தான் இருக்கிறது, காருக்குள் நாம் இல்லாதவரை.

ரப்பர் ட்யூபும் ஒரு காதும்

இவ்வளவுக்கும் பிறகு ஏன்?

பர்மிங்காமில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் 1971-ஆம் வருட எம்ஜிபி இருக்கிறது. அதன் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களை அவர் ட்யூன் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டார். ஏர் ஃபில்டர் டப்பாக்களைக் கழற்றிக் கீழே வைத்தார். இரண்டு கார்புரேட்டரையும் சேர்த்துப் பிடிக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்தினார். பிறகு ரப்பர் ட்யூப் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தார். ‘உஸ்ஸ்’ என்று காற்று போகும் சத்தம். அடுத்ததற்கு மாற்றினார். அங்கே சத்தம் கொஞ்சம் மெலிவு. திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, ட்யூபை அங்குமிங்கும் மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் ஒரே சுதிக்கு வரும்வரை விடவில்லை. என்னிடமும் ட்யூபை நீட்டினார். எனக்கு இரண்டும் முதலிலிருந்தே ஒன்றாகத்தான் கேட்டன!

அடுத்து பெட்ரோல் கலவை. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. அதைத் தள்ளினால் உள்ளே பிஸ்டன் இம்மியளவு உயரும். என்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இருமி அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. லேசாக ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் இருக்கும் நட்டை ஒரு பட்டை திருப்பு, கேள், இன்னொரு பட்டை திருப்பு, கேள். கடைசியில் மேல்மூடியைத் திறந்து ஊற்றுக்குழாயால் கொஞ்சம் எண்ணெய் விட்டார். என்ஜின் இப்போது வேறு குரலில் பேசியது. அது எனக்கே கேட்டது. கம்ப்யூட்டர் இல்லை, மீட்டர் இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ட்யூப், ஒரு காது.

இந்த எஸ்.யு. கார்புரேட்டரைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்புக்கடைக் குடும்பத்துப் பிள்ளைகள். முதல் கார்புரேட்டரில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்திதான் இருந்தது. கையில் இருந்த தோலை வைத்து யோசித்திருக்கிறார்கள்! நம் ஊரில் அம்பாசிடர் பார்த்த பழைய மெக்கானிக்குகளுக்கும் இந்த எஸ்.யு. அந்நியமல்ல.

ஓட்டும்போது கிடைப்பது இன்னொரு வகை. எம்ஜிபி ஒரு டன்கூட எடை இல்லாத கார், 95 குதிரைசக்தி. இன்றைய சாதாரணக் குடும்பக் காரே சிக்னலில் அதை முந்திவிடும். ஆனால் தரைக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேல் வானத்தோடு, எண்பதில் போனாலே நூற்றிருபதில் போவதுபோல் இருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லை. ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு சரளைக்கல்லும் உள்ளங்கைக்கு வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகிறது. கியர் லீவர் மணிக்கட்டு அளவுக்குத்தான் நகர்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே இவ்வளவு சந்தோஷம் கிடைப்பதுதான் இந்தக் கார்களின் பெரிய சாமர்த்தியம். இன்றைய ஐந்நூறு குதிரைசக்திக் கார்களில் அந்த அளவு சிலிர்ப்பு வேண்டுமென்றால் லைசென்ஸைப் பணயம் வைக்க வேண்டும்.

மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்கக் கூடாது. கூரைத்துணியைக் கம்பிகளில் மாட்டி, பொத்தான் போட்டு முடிப்பதற்குள் பெரும்பாலும் மழையே நின்றுவிடும்.

ஜப்பான் கொடுத்த பதில்

இந்தத் தொல்லைகள் இல்லாமல் அந்தச் சுகம் மட்டும் கிடைத்தால்? அப்படி ஒரு கார் உண்மையிலேயே வந்தது. பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர் மஸ்டா நிறுவனத்தின் கெனிச்சி யாமமோட்டோவிடம், அந்தப் பழைய பிரிட்டிஷ் ரகத்தில் எளிமையான கார் ஒன்றை இப்போது யாருமே செய்யவில்லையே என்று சொன்னார். அதன் விளைவாக 1989 பிப்ரவரியில் சிகாகோவில் எம்எக்ஸ்-5 அறிமுகமானது. லோட்டஸ் எலானின் சாயல் அப்பட்டமாகத் தெரிந்த கார். ஆனால் ஒழுகவில்லை, இருளவில்லை, காலையில் ஒரே திருப்பில் கிளம்பியது. 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்டது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்றது வேறெதுவும் இல்லை.

நியாயப்படி அன்றோடு எம்ஜிபிகளெல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. எம்எக்ஸ்-5 வந்ததற்கு முந்தைய வருடம்தான், 1988-ல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் எம்ஜிபியின் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து முழு பாடிக்கூட்டையே புதிதாக அடிக்கத் தொடங்கியிருந்தது. கார் நின்று எட்டு வருடம் கழித்து அதன் பாடி புதிதாகக் கிடைக்கிறது! நன்றாக ஓடும் பழைய எம்ஜிபி ஒன்றின் விலையைவிட அந்த வெற்றுக்கூட்டின் விலை பெரும்பாலும் அதிகம். இருந்தும் வாங்குகிறார்கள். 1948-ல் கலிஃபோர்னியாவில் ஆல் மாஸ் என்பவர் டிசிக்காரர்களுக்காகத் தொடங்கிய கடை இன்று இந்தக் கார்களின் உதிரிபாகங்களுக்குப் பேர்போன நிறுவனம். பத்து வருடப் பழைய கொரியக் காருக்குக் கதவுப்பிடி கிடைக்காமல் அலையலாம். அறுபது வருட எம்ஜிபிக்கு அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிடும்.

ஜப்பான்காரர்களுக்கும் மனம் ஆறவில்லை போல. அதே ஹெரிடேஜ் பாடியை வைத்து ரோவர் கம்பெனி 1993-லிருந்து எம்ஜி ஆர்வி8 என்று சுமார் இரண்டாயிரம் கார் செய்தபோது, அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது ஜப்பான்தான்.

எம்எக்ஸ்-5 சிறந்த கார். எனக்குச் சந்தேகமே இல்லை. தினம் ஆபீஸ் போக வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். ஆனால் அதை வாங்குகிறவருக்கு ஆலையில் வேலை கிடைக்காது. எம்ஜிபிக்காரர்கள் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பது அந்த வேலையைத்தான். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது, எதற்கு இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். கெட்டுப்போவதைத் தானே சரிசெய்து, அதிலேயே ஏறி வீட்டுக்கு வருவது ஒரு சுகம். இன்றைய கார்களில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டர் லேப்டாப்புக்கு முன்னால் கைகட்டி நிற்கிறோம்.

காலமும் சும்மா இருப்பதில்லை. 2000-லிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் பொது விற்பனையில் இல்லை. பழைய என்ஜின்களின் வால்வு சீட்டுகளைக் கடினமானதாக மாற்ற வேண்டியதாயிற்று. 2021 செப்டம்பரில் பத்து சதவீதம் எத்தனால் கலந்தது சாதாரண பெட்ரோல் ஆனது. பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கி வெடிப்புவிடச் செய்யும், பெட்ரோல் சொட்டும், அடியில் சூடான எக்ஸாஸ்ட். இது ஜோக் அல்ல. பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது பெட்ரோல் குழாயைத்தான். நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு அங்கே ரோடு டாக்ஸும் இல்லை, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. வரி விலக்கு சரி. சோதனை விலக்கு நல்ல யோசனை இல்லை என்பேன். கட்டாயமில்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை காட்டிவிடுவதுதான் புத்தி.

நம் ஊர் ரோட்டில் எம்.ஜி. என்ற எண்கோண முத்திரையோடு ஓடும் ஹெக்டருக்கும் ஆபிங்டனுக்கும் பெயரைத் தவிர சம்பந்தமில்லை. அந்தப் பெயர் சீன நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. உண்மையான உறவுக்காரன் வேறு ஒருவன் இருக்கிறான்: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னை வண்டலூரில் 1961 முதல் பத்து வருடம் செய்யப்பட்ட அந்தக் கார் கோவென்ட்ரியின் ட்ரையம்ஃப் ஹெரால்டேதான். அதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, ஹெரால்டுக்கு வடிவம் கொடுத்த இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியையே வைத்து வரைந்ததுதான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். பானெட் மட்டுமல்ல, மூக்கு முழுவதுமே முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். வண்டலூர் ஹெரால்டிலும் அப்படியே. கோடம்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய அந்தக் கார்கள் இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டன.

எங்காவது தாத்தா வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்ட் தார்ப்பாய்க்குள் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் காந்தத்தையும் ஜாக்கியையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு என்பதால் எம்ஜிபியைவிட அதைக் காப்பாற்றுவது சுலபம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டி, அசல் வடிவம் குலையாமல் இருக்கும் காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிதாகப் பதிய ரூ.20,000 கட்டணம், சான்று பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க ரூ.5,000. ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ அனுமதி இல்லை. கிளப்புவதற்கு முன் பெட்ரோல் குழாய்களை மட்டும் மறக்காமல் மாற்றிவிடுங்கள். நம் பங்க்குகளில் இப்போது ஊற்றுவது இருபது சதவீத எத்தனால்.